தொரப்பள்ளிக்காரரின் பாதிக் கணக்கு

ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீட்டை அரசு நினைவு இல்லமாக வைத்திருக்கிறது. அவர் பிறந்தது 1878இல். அப்பா அந்த ஊர் முன்சீப். பையன் ஓசூரில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் பெங்களூர் போனார். இன்றும் ஓசூர்ப் பிள்ளைகள் படிக்கவும் பிழைக்கவும் அதே திசையில்தான் போகிறார்கள், சுமார் 40 கிலோமீட்டர்.

அந்த ஊர்க்காரர் 80 வயதில், 1959இல், சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். தாராளவாதத்தை வெளிப்படையாகப் பேசி இந்திய அளவில் வளர்ந்த கட்சி என்றால் இன்றுவரை அதைத்தான் சொல்ல வேண்டும்.

தாராளவாதம் என்றதும் பலருக்கு 1991க்குப் பின் வந்த ‘தாராளமயம்’ நினைவுக்கு வரும். அது சந்தை சம்பந்தப்பட்டது. தாராளவாத ஜனநாயகம் என்பது வேறு. ஓட்டு வாங்கி ஜெயித்தவர் ஆளலாம். ஆனால் எவ்வளவு பெரிய பெரும்பான்மை இருந்தாலும் அவர் கைவைக்க முடியாத சில உரிமைகள் ஒவ்வொரு ஆளுக்கும் உண்டு. பேச, தொழில் செய்ய, விரும்பிய சாமியைக் கும்பிட அல்லது கும்பிடாமலிருக்க, நாட்டில் எங்கும் போய்க் குடியிருக்க. இவற்றைக் காக்க நீதிமன்றமும் பத்திரிகையும் ஒழுங்கான தேர்தலும் வேண்டும்.

ராஜாஜியின் கட்சி எதிர்த்தது பர்மிட் - லைசென்ஸ் - கோட்டா ராஜ்யத்தை. எதைச் செய்யவும் டில்லியில் ஒரு கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டிய காலம் அது. 1967இல் மக்களவையில் 44 இடங்கள் பெற்று சுதந்திரா பெரிய எதிர்க்கட்சியானது. 1971இல் 8 இடங்கள். 1974இல் வேறொரு கட்சியோடு கரைந்துபோனது.

ஏன் நிற்கவில்லை? பணக்காரர் கட்சி, பழைய மன்னர்களின் கட்சி என்ற பேர் ஒரு காரணம். ராஜாஜி மேலேயே ‘அரைநாள் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில்’ என்ற 1953இன் திட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது; ‘குலக்கல்வி’ என்று பேர் வாங்கி, அடுத்த ஆண்டே அவர் முதலமைச்சர் பதவியை விட்டதற்கு அதுவே முக்கியக் காரணம். தனி மனிதனின் சுதந்திரம் பேசியவரிடம், பிறப்பு போடும் கட்டைப் பற்றி ஒரு சமூகமே கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. என் கணிப்பில் இன்னொன்றும் உண்டு. அரசு எதைச் செய்யக் கூடாது என்று அந்தக் கட்சி தெளிவாகச் சொன்னது; நாளைக்கு நம் வீடு எப்படி இருக்கும் என்று கேட்டவருக்கு ஒரு படம் காட்டவில்லை. அதே 1967இல் அதன் கூட்டணிக் கட்சியான தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது. அந்தப் படம் எந்த அடுக்களைக்கும் புரியும். (ஒரு படிதான் கொடுக்க முடிந்தது, அதுவும் சில ஊர்களில், அது வேறு கதை.)

அரசு எதைச் செய்யக் கூடாது என்பது பாதிக் கணக்கு. மீதிப் பாதி தொரப்பள்ளிக்குப் பக்கத்திலேயே எழுதப்பட்டது. ஓசூரில் தொழிற்பேட்டை போட்டது 1971இல் தொடங்கிய சிப்காட் என்ற அரசு நிறுவனம். டைட்டன் என்ற பேரில் ‘டை’ டாடா இண்டஸ்ட்ரீஸ், ‘டன்’ தமிழ்நாடு. 1984இல் டாடாவும் மாநில அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. ஆலை வந்தது ஓசூரில். இங்கே அரசு வழிமறிக்கவில்லை, விலகி நிற்கவுமில்லை. நிலம், சாலை, முதலீடு என்று கூட வந்தது. நம்பிக்கை தரும் தாராளவாத அரசியல் பேச விரும்புகிறவர் இந்த இரண்டு பாதியையும் சேர்த்துப் பேச வேண்டும்.

மொழி விஷயத்தையும் பாருங்கள். ஓசூர் கடைவீதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் காதில் விழும். பேரம் ஒரு மொழியில் தொடங்கி இன்னொன்றில் முடியும். தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்யச் சொல்கிறது அரசியலமைப்பின் 350ஏ பிரிவு. 2006இல் பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் வாழும் பிள்ளைக்குத் தமிழ் தெரிய வேண்டும் என்பது நியாயம். தமிழ் சொல்லித்தர ஆசிரியர் இல்லாத பள்ளியில் தமிழ்த் தேர்வு எழுது என்பது நியாயமில்லை என்று மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றம் போனார்கள், விலக்கும் கிடைத்தது. இரண்டு தரப்பும் கல்லெடுக்கவில்லை, நீதிமன்றத்தில் வழக்காடினார்கள். 2016 செப்டம்பரில் காவிரிக்காகப் பெங்களூரில் தமிழகப் பஸ்கள் எரிந்தபோது, மாநில எல்லையில் ஜூஜூவாடியில் இறங்கி மூட்டையோடு கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்கு நடந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் விளங்கும்.

எங்கும் போய்க் குடியிருக்கும் உரிமையையும் பாருங்கள். இப்போது ஓசூரையும் தேன்கனிக்கோட்டையையும் சுற்றித் தொழிலாளர் ஹாஸ்டல்கள் எழும்பியிருக்கின்றன. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கும் பெண்களில் பல மாவட்டத்தவரும் பல மாநிலத்தவரும் உண்டு. தண்ணீர் வராவிட்டாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் முதலில் அவதிப்படுவது இவர்கள். ஆனால் ஊராட்சியைக் கேள்வி கேட்கும் இடமான கிராம சபையில் இவர்கள் பேச்சுக்கு இடமில்லை. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பேர் இருப்பவரே கிராம சபை உறுப்பினர்.

சொந்த ஊரில்தான் ஓட்டு என்று பலர் நினைக்கிறார்கள். 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒருவர் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் பேர் சேர்க்க வேண்டும். ஓரிடத்தில் வீடு இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அவரை அங்கே குடியிருப்பவராகக் கொள்ள முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. அப்படியானால் ஹாஸ்டலில் வழக்கமாகத் தங்கி வேலை பார்க்கிறவருக்கு அந்த முகவரியிலேயே பேர் சேர்க்கக் கேட்க வழி இருக்கிறது.

முதல் முறை என்றால் படிவம் 6. வேறு ஊரில் ஏற்கெனவே பேர் இருந்தால் படிவம் 8. கட்டணம் இல்லை. மாநகராட்சிக்குள் இருப்பவர்கள், 2022இல் வந்த ஏரியா சபை தங்கள் வார்டில் எப்போது கூடுகிறது என்று கவுன்சிலரைக் கேளுங்கள். ஊராட்சியில் இருப்பவர்களுக்கு ஆண்டில் ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.