ஈர மண்ணில் ஒரு தாகம்

திருப்பூரில் நீங்கள் வளர்க்கும் போன்சாய் ஆலமரம் வாடுகிறதா? தொட்டி மண் ஈரமாக இருந்தும் இலைகளின் ஓரம் கருகுகிறதா? அப்படியானால் ஊற்றும் தண்ணீரைச் சோதியுங்கள்.

பருத்தியில் சாயம் பிடிக்க உப்பு நிறையச் சேர்க்கிறார்கள். பல ஆண்டுகள் சாயக் கழிவு நொய்யலில் கலந்து, நிலத்தடி நீரையும் உப்பாக்கியது. கழிவு நீரைத் துளியும் வெளியேற்றாத ஏற்பாடு வரும்வரை சாய ஆலைகளை மூடும்படி 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் மண்ணில் இறங்கிய உப்பு உடனே போய்விடுமா?

தொட்டியில் நீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. சவ்வூடு பரவலில், உப்பு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்திற்கு நீர் செல்லும். எனவே வேரால் நீரை எளிதில் உறிஞ்ச முடிவதில்லை.

பட்டையை நகத்தால் இலேசாகச் சுரண்டுங்கள். அடியில் பச்சை தெரிந்தால் மரத்திற்கு உயிர் இருக்கிறது. உரம் போடாதீர்கள், அதுவும் உப்புதான்! சேமித்த மழை நீரை மெதுவாக, அடித்துளை வழியே நன்றாக வடியும்வரை பலமுறை ஊற்றுங்கள். மரத்தை இளநிழலில் வையுங்கள். மேல்மண் சற்று உலர்ந்த பிறகே மறுபடி நீர் விடுங்கள்.

உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றை உப்புக் கரைசலில் ஓர் இரவு ஊறவிட்டுப் பாருங்கள். அது துவண்டு கிடக்கும். உங்கள் மரத்தின் வேர் படும் பாடும் அதுதான்!