காயம்பட்டவருக்காக யார் காத்திருப்பது?

காயத்திலிருந்து மீண்டு வரும் விளையாட்டு வீரரின் மன உறுதியைப் போற்றுகிறோம். மீளாமல் போனவரைப் பற்றிப் பேசுவதே இல்லை. இருவருக்கும் உள்ள வேறுபாடு மன உறுதி மட்டும்தானா?

சென்னையைச் சேர்ந்த டென்னிஸ் வீரர் பிரஜ்னேஷ் குன்னேஸ்வரனின் கதை இதற்கு விடை சொல்கிறது. இருபதுகளின் முற்பகுதியில் அவருடைய முழங்காலில் அழுத்த முறிவு ஏற்பட்டது. திரும்பத் திரும்ப விழும் பளு, எலும்பில் மயிரிழை விரிசல்களை உண்டாக்கும். ஓய்வே அதற்கு முதன்மை மருந்து. ஆனால், டென்னிஸ் தரவரிசைப் புள்ளிகள் 52 வாரங்களில் உதிர்ந்துவிடும். எலும்பு கேட்கும் அவகாசத்தைத் தரவரிசை தருவதில்லை. ஏறத்தாழ 5 ஆண்டுகள் இப்படித் தடைபட்ட அவர், சிறிய தொடர்களிலிருந்து மீண்டும் மேலேறினார். 2018இல் ஸ்டுட்கார்ட்டில் டெனிஸ் ஷபோவலோவை வென்றார். ஆசிய விளையாட்டில் வெண்கலம் பெற்றார். 2019 ஏப்ரலில் உலகின் 75ஆம் இடத்தைத் தொட்டபோது அவருக்கு வயது 29.

இங்கே கவனிக்க வேண்டியது, தன்னம்பிக்கை திரும்பிய விதம். எலும்பு கூடிய பிறகும் உடல் அஞ்சும். பந்தை நோக்கிப் பாயும் கால் ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கம் அறிவுரையால் அகலாது. வலியின்றி ஆடி முடித்த ஒவ்வோர் ஆட்டமும் அதைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். ஆகவே, நம்பிக்கைக்கு ஆட்டங்கள் தேவை. ஆட்டங்களுக்குப் பயணச் செலவும் பயிற்சியாளரும் தேவை. அதுவரை வீட்டில் அடுப்பெரியவும் வேண்டும்.

தொழில்முறை டென்னிஸ் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. ஆறு மாதங்களுக்கு மேல் காயத்தால் விலகியவர், பழைய தரவரிசையின் அடிப்படையில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான தொடர்களில் நுழையலாம். சென்னையில் பயிற்சி பெற்று வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன், தோள்பட்டைக் காயத்தால் 2012இன் பெரும்பகுதியை இழந்தார். 2013 ஆஸ்திரேலிய ஓப்பனில் அவரை நேரடியாக ஆடவைத்தது இந்த விதிதான். முதல் சுற்றில் அவர் வென்றார்.

திருவொற்றியூரில் வாழும் நான், இந்த ஏற்பாட்டை வடசென்னையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ராயபுரத்தில் குத்துச்சண்டை, வியாசர்பாடியில் கால்பந்து, தெருவுக்குத் தெரு கேரம் என இங்கே திறமைக்குப் பஞ்சமில்லை. ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். ஆனால், துறைமுகத்திலோ எண்ணூர் ஆலைகளிலோ ஒப்பந்தக் கூலியாக உழைத்துக்கொண்டே ஆடும் இளைஞருக்குத் தோள்பட்டை விலகினால், விளையாட்டோடு கூலியும் போகிறது. அரசு மருத்துவமனை இலவசமாகச் சிகிச்சை அளிக்கும். அதற்குப் பிந்தைய ஆறு மாத இயன்முறைப் பயிற்சிக்கு நாள்தோறும் வந்துபோக, அவருக்கு விடுப்பும் இல்லை, வருமானமும் இல்லை. வலி சற்றுக் குறைந்ததும் மூட்டை தூக்கப் போய்விடுகிறார். அவருக்கு மன உறுதி இல்லை என்று எப்படிச் சொல்வது?

வென்றவருக்குப் பரிசுத்தொகை வழங்குவது நல்ல மரபு. அதோடு, காயமுற்றவருக்குச் சில மாத உதவித்தொகை, அணியிலும் விடுதியிலும் அவருடைய இடத்துக்குக் குறித்த காலப் பாதுகாப்பு, மீண்டதும் ஆடிப் பார்க்க உள்ளூர்ப் போட்டிகள் ஆகிய மூன்றையும் அரசும் விளையாட்டுச் சங்கங்களும் உறுதிசெய்ய வேண்டும். பதக்கம் வந்த பிறகு கொடுக்கும் கோடியைவிட, காயக் காலத்தில் கொடுக்கும் சில ஆயிரங்கள் அதிகம் பேரைக் களத்துக்கு மீட்டு வரும்.