பைலின் தலைப்பகுதியில் ஆறு எழுத்து!

"தம்பி, பென் டிரைவில இருக்கிற வீட்டு பிளான் எல்லாம் கெட்டுப்போச்சாம். மறுபடியும் முதல்ல இருந்து வரையணும்னு சொல்றாங்க. நீதான் கம்ப்யூட்டர்ல ஏதோ பண்ணுவியே, கொஞ்சம் வந்து பாரேன்."

2022ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் சித்தப்பா போனில் இப்படிச் சொன்னார். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் அவர் கட்டிக்கொண்டிருந்த வீடு அது. லிண்டல் மட்டம் வரை கட்டிய காண்டிராக்டர் பாதியில் விலகிவிட்டார். பேப்பரில் இருந்த வரைபடங்கள் சைட்டில் மழையில் நனைந்து வீணாகிவிட்டன. புதிதாக வந்த காண்டிராக்டரிடம் சித்தப்பா பென் டிரைவைக் கொடுத்தார். அவருடைய அலுவலகத்தில் வரைபடம் போடும் பையன் இரண்டு பைல்களைத் திறந்து பார்த்தான். இரண்டும் திறக்கவில்லை. "சார், எல்லா பைலும் கரப்ட் ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டான். அடுத்த வாரம் மேல்தளம் போட வேண்டும். கம்பி எங்கே எத்தனை வர வேண்டும் என்ற விவரம் அந்த பென் டிரைவில்தான் இருக்கிறது. வரைந்த இன்ஜினியரோ வேலை கிடைத்து வளைகுடா நாட்டுக்குப் போய்விட்டார்.

பென் டிரைவில் ஐந்து பைல்கள் இருந்தன. ஐந்துக்கும் டிடபிள்யூஜி என்ற எக்ஸ்டன்ஷன். இது ஆட்டோகேட் என்னும் வரைபட புரோகிராம் உருவாக்கும் பைல் வகை. என் லேப்டாப்பில் ஆட்டோகேட் இல்லை. ஆனாலும் அரை மணி நேரத்தில் எந்த பைல் நல்ல பைல், எது உண்மையிலேயே கெட்டது, எந்தப் பதிப்பு இருந்தால் எதைத் திறக்கலாம் என்று சொல்ல முடிந்தது. அதற்குப் பயன்பட்டது விண்டோஸுடன் வரும் நோட்பேட். அந்த வழியைத்தான் இந்த மாதம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பைல் என்பது என்ன?

எந்த பைலாக இருந்தாலும் அது பைட் எனப்படும் எண்களின் வரிசைதான். ஒவ்வொரு பைட்டும் 0 முதல் 255 வரை உள்ள ஓர் எண். கடிதமோ, போட்டோவோ, பாட்டோ, வீட்டு பிளானோ எல்லாம் டிஸ்க்கில் இப்படித்தான் பதியப்படுகின்றன. அப்படியானால் இது போட்டோ, இது பாட்டு என்று புரோகிராம்கள் எப்படித் தெரிந்துகொள்கின்றன?

பைல் பெயருக்குப் பின்னால் உள்ள எக்ஸ்டன்ஷனைப் பார்த்து என்று நீங்கள் சொல்லலாம். அது பாதி உண்மை. எக்ஸ்டன்ஷன் என்பது டப்பாவின் மேல் ஒட்டிய லேபிள் மாதிரி. மிளகாய்த்தூள் டப்பாவில் மஞ்சள்தூள் என்று எழுதி ஒட்டினால் உள்ளே இருப்பது மாறிவிடாது. அதனால் பெரும்பாலான பைல் வகைகளில், பைலின் தொடக்கத்திலேயே சில பைட்களை அடையாளமாக எழுதிவிடுகிறார்கள். இந்தத் தொடக்கப் பகுதிக்கு ஹெடர் என்று பெயர். பைலின் பெயரை மாற்றினாலும் ஹெடர் மாறாது.

சில வகைகளில் இந்த ஹெடரிலேயே பதிப்பு எண்ணும் இருக்கும். பிடிஎஃப் பைலின் தொடக்கத்தில் சதவீதக் குறி, அடுத்து பிடிஎஃப் என்ற மூன்று எழுத்துகள், ஒரு சிறு கோடு, பிறகு 1.4 அல்லது 1.7 போன்ற எண் வரும். அந்த எண்தான் பதிப்பு. ஜிஃப் படங்களின் தொடக்கத்தில் 87ஏ அல்லது 89ஏ என்று இருக்கும். அந்த வகை 1987இலும் 1989இலும் வரையறுக்கப்பட்டதைக் குறிக்கும் எண்கள் அவை. ஜிப் பைல்கள் பிகே என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும். ஜிப் முறையை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயரின் முதல் எழுத்துகள் அவை.

டிடபிள்யூஜி பைலின் முதல் ஆறு பைட்கள்

ஆட்டோகேட் புரோகிராமை ஆட்டோடெஸ்க் நிறுவனம் 1982இல் வெளியிட்டது. அதன் டிடபிள்யூஜி பைலில் முதல் ஆறு பைட்களும் சாதாரண எழுத்துகள்தான். ஏசி என்ற இரண்டு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும், தொடர்ந்து நான்கு இலக்கங்களும் இருக்கும். எடுத்துக்காட்டாக, ஏசி1024 என்பது டிஸ்க்கில் 65, 67, 49, 48, 50, 52 என்று ஆறு எண்களாகப் பதிவாகியிருக்கும். ஆஸ்கி அட்டவணைப்படி 65 என்றால் ஏ, 67 என்றால் சி, 49 என்றால் 1. அதனால்தான் நோட்பேட் அவற்றை எழுத்தாகக் காட்டிவிடுகிறது.

அந்தக் குறியீடுகளின் பட்டியல் இதோ. ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏசி1009 – ரிலீஸ் 11, ரிலீஸ் 12
ஏசி1012 – ரிலீஸ் 13
ஏசி1014 – ரிலீஸ் 14
ஏசி1015 – ஆட்டோகேட் 2000 முதல் 2002 வரை
ஏசி1018 – 2004 முதல் 2006 வரை
ஏசி1021 – 2007 முதல் 2009 வரை
ஏசி1024 – 2010 முதல் 2012 வரை
ஏசி1027 – 2013 முதல் 2017 வரை
ஏசி1032 – 2018இலும் அதற்குப் பின்னும் வந்தவை

பட்டியலைக் கவனித்தால் ஒன்று புரியும். இந்தக் குறியீடு காட்டுவது பைல் எந்த வகையில் சேமிக்கப்பட்டது என்பதைத்தான். 2016 பதிப்பில் வரைந்த ஒருவர் சேவ் அஸ் கொடுத்து 2007 வகையில் சேமித்திருந்தால் ஏசி1021 என்றே இருக்கும். நமக்கும் அது போதும். திறக்குமா திறக்காதா என்பதை முடிவு செய்வது வகைதான். புதிய பதிப்பு பழைய வகையைத் திறக்கும். பழைய பதிப்பால் தனக்குப் பின்னால் வந்த வகையைத் திறக்க முடியாது.

நோட்பேடில் பார்ப்பது எப்படி?

முதலில் பைல்களை பென் டிரைவிலிருந்து உங்கள் கம்ப்யூட்டரில் புதிய போல்டர் ஒன்றில் காப்பி செய்துகொள்ளுங்கள். எப்போதும் காப்பியில்தான் சோதனை செய்ய வேண்டும். பிறகு நோட்பேடைத் திறந்து, ஃபைல் மெனுவில் ஓப்பன் தேர்வு செய்யுங்கள். கீழே டெக்ஸ்ட் பைல்கள் என்று இருக்கும் இடத்தில் எல்லா பைல்களும் என்பதற்கு மாற்றினால்தான் டிடபிள்யூஜி பைல் கண்ணில் படும். அதைத் திறந்தால் திரை முழுவதும் புரியாத குறிகளாகக் கொட்டும். பயப்பட வேண்டாம். முதல் வரியின் தொடக்கத்தை மட்டும் பாருங்கள். ஏசி என்று ஆரம்பிக்கும் ஆறு எழுத்துகள் அங்கே இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. பார்த்து முடித்ததும் நோட்பேடை மூடிவிடுங்கள். சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். நோட்பேட் எழுத்துகளுக்கான புரோகிராம். அதில் சேமித்தால் பைல் உண்மையாகவே கெட்டுவிடும்.

ஒரே தட்டில் எல்லா பைலும்

ஐந்து பைல் என்றால் நோட்பேட் போதும். ஐம்பது இருந்தால்? அதற்குத்தான் ஸ்கிரிப்ட். ஸ்கிரிப்ட் என்பது கம்ப்யூட்டர் வரிசையாகச் செய்ய வேண்டிய கட்டளைகளை எழுதிய ஒரு சிறு பைல். விண்டோஸில் பேட்ச் பைல் என்ற எளிய வகை உண்டு. புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

நாம் பயன்படுத்தப் போகும் கட்டளையின் பெயர் ஃபைண்ட்ஸ்டர். எஃப், ஐ, என், டி, எஸ், டி, ஆர் என்று ஏழு எழுத்துகள். பைல்களுக்குள் ஒரு சொல் இருக்கிறதா என்று தேடுவது இதன் வேலை. அதனுடன் சாய்கோடு பி சேர்த்தால் வரியின் தொடக்கத்தில் மட்டும் தேடும். சாய்கோடு எம் சேர்த்தால் கிடைத்த பைலின் பெயரை மட்டும் காட்டும்.

நோட்பேடில் கீழே உள்ள வரிகளை டைப் செய்யுங்கள். இங்கே படிக்க வசதியாகத் தமிழில் தந்திருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும்.

@எக்கோ ஆஃப்
எக்கோ 2000 வகை
ஃபைண்ட்ஸ்டர் /எம் /பி ஏசி1015 *.டிடபிள்யூஜி
எக்கோ 2007 வகை
ஃபைண்ட்ஸ்டர் /எம் /பி ஏசி1021 *.டிடபிள்யூஜி
எக்கோ 2018 வகை
ஃபைண்ட்ஸ்டர் /எம் /பி ஏசி1032 *.டிடபிள்யூஜி
பாஸ்

மற்ற குறியீடுகளுக்கும் இதே போல இரண்டிரண்டு வரிகள் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏ, சி இரண்டையும் பெரிய எழுத்தில் டைப் செய்வது முக்கியம். எக்கோ என்பது பக்கத்தில் உள்ளதைத் திரையில் காட்டும் கட்டளை. நட்சத்திரக் குறி, பெயர் எதுவாக இருந்தாலும் எடுத்துக்கொள் என்று சொல்கிறது. கடைசியில் உள்ள பாஸ், நீங்கள் ஒரு கீயைத் தட்டும் வரை விண்டோ மூடிவிடாமல் நிறுத்தி வைக்கும்.

இதை வரைபட பைல்கள் உள்ள அதே போல்டரில் சேமியுங்கள். சேமிக்கும்போது வகை என்ற இடத்தில் எல்லா பைல்களும் என்று தேர்வு செய்து, பெயரின் முடிவில் ஒரு புள்ளியும் பி, ஏ, டி என்ற எழுத்துகளும் கொடுங்கள். இல்லையென்றால் நோட்பேட் தானாக டிஎக்ஸ்டி என்று ஒட்டிவிடும், ஸ்கிரிப்ட் ஓடாது. இப்போது அந்த பைலின் மீது டபுள் கிளிக் செய்யுங்கள். ஒரு கறுப்பு விண்டோ திறந்து, ஒவ்வொரு வகைக்குக் கீழும் அந்த வகை பைல்களின் பெயர்களைக் காட்டும். போல்டருக்குள் போல்டர் இருந்தால் சாய்கோடு எஸ் ஒன்றையும் சேருங்கள். உள்ளே இருப்பவற்றையும் தேடும்.

எல்லாக் குறியீடுகளையும் கொடுத்த பிறகும் எந்தத் தலைப்பின் கீழும் வராத பைல் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அது ஒன்று கெட்டுப்போன பைல், அல்லது பெயர் மாற்றப்பட்ட வேறு வகை பைல்.

லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்கள் டெர்மினலில் ஹெட் என்ற கட்டளையுடன் ஒரு சிறு கோடு, சி, இடைவெளி, 6, பிறகு பைல் பெயர் கொடுத்தால் முதல் ஆறு பைட்கள் திரையில் வரும்.

எழுத்தாக இல்லாத பதிப்பு எண்

எல்லா பைலிலும் பதிப்பு இப்படிப் படிக்கக்கூடிய எழுத்தாக இருக்காது. ஜாவா மொழியின் கிளாஸ் பைலில் முதல் நான்கு பைட்கள் அடையாளம். அடுத்த இரண்டு துணைப் பதிப்பு. ஏழாவதும் எட்டாவதும் சேர்ந்து முதன்மைப் பதிப்பு. அந்த எண் 52 என்றால் ஜாவா 8, 61 என்றால் ஜாவா 17. இங்கே 52 என்பது ஒரே பைட்டில் எண்ணாகவே இருப்பதால் நோட்பேடில் பார்த்தால் 4 என்ற எழுத்துதான் தெரியும். இம்மாதிரி பைல்களுக்கு பைட்களை எண்களாகக் காட்டும் வழி வேண்டும். விண்டோஸ் 10, 11இல் உள்ள பவர்ஷெல்லில் ஃபார்மட்-ஹெக்ஸ் என்ற கட்டளையைப் பைல் பெயருடன் கொடுத்தால், பைட்களைப் பதினாறடிமான எண்களாகவும் பக்கத்தில் எழுத்துகளாகவும் காட்டும். 52 என்பதை 34 என்று காட்டும். மூன்று பதினாறும் ஒரு நான்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சித்தப்பா வீட்டுக் கதை என்ன ஆயிற்று?

ஐந்து பைல்களில் மூன்று ஏசி1032. அதாவது 2018 வகை. புதிய காண்டிராக்டரின் அலுவலகத்தில் இருந்ததோ ஆட்டோகேட் 2007. அது எப்படித் திறக்கும்? அந்தப் பையன் திறந்து பார்த்த இரண்டும் இந்த மூன்றில் இருந்தவைதான். நான்காவது, மின் ஒயரிங் வரைபடம். அது ஏசி1015. அவன் அதைத் திறந்தே பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உடனே திறந்திருக்கும்.

ஐந்தாவதுதான் மேல்தளத்தின் கம்பி விவரம். பைலின் அளவு சரியாகத்தான் காட்டியது. ஆனால் நோட்பேடில் திறந்தால் எழுத்தே இல்லை, வெறும் வெற்றிடம். எல்லா பைட்டும் சுழியம். காப்பி ஆகி முடிவதற்குள் பென் டிரைவைப் பிடுங்கினால் இப்படி ஆவதுண்டு. பெயரும் அளவும் பதிவாகிவிடும், உள்ளடக்கம் வந்து சேராது. ஆகையால் பென் டிரைவை எடுக்கும் முன் சேஃப்லி ரிமூவ் கொடுங்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

மூன்று பைல்களையும் ஆட்டோடெஸ்க் இலவசமாகத் தரும் டிடபிள்யூஜி ட்ரூவியூ என்ற புரோகிராம் மூலம் 2007 வகைக்கு மாற்றினேன். அதில் டிடபிள்யூஜி கன்வெர்ட் என்ற வசதி இதற்காகவே இருக்கிறது. ட்ரூவியூ விண்டோஸில் மட்டும்தான் ஓடும், டவுன்லோட் சற்றுப் பெரியது. மாற்றிய பைல்கள் காண்டிராக்டர் அலுவலகத்தில் ஒரே கிளிக்கில் திறந்தன.

கெட்டுப்போன ஒன்றுக்கு எந்த ஸ்கிரிப்ட்டும் உதவாது. அதைச் சித்தப்பாவிடம் நேராகவே சொன்னேன். ஆனால் "எல்லாம் போச்சு" என்று இன்ஜினியரைக் கேட்பதற்கும் "இந்த ஒரு பைல் மட்டும் வேண்டும்" என்று கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா? சித்தப்பா பைலின் பெயரைக் குறிப்பிட்டு அவருக்குச் செய்தி அனுப்பினார். இன்ஜினியர் அன்று இரவே தன் பழைய மெயிலில் தேடி எடுத்து அனுப்பிவிட்டார். வந்ததும் முதல் வேலையாக நோட்பேடில் திறந்தேன். ஏசி1032. நிம்மதியாக மாற்றிக் கொடுத்தேன். புதிதாக வரைய வேண்டிய செலவு இல்லை. மேல்தளமும் சொன்ன வாரத்தில் போட்டார்கள்.

உங்களிடம் யாராவது "பைல் கெட்டுப்போச்சு" என்று சொன்னால் உடனே அழித்துவிடாதீர்கள். ஒரு காப்பி எடுத்து, நோட்பேடில் திறந்து, முதல் வரியைப் பாருங்கள். யாருக்காவது வரைபடம் அனுப்பும்போதும், அவர்களிடம் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று முதலில் கேட்டு, சேவ் அஸ் மூலம் அந்த வகையில் சேமித்து அனுப்புங்கள். வாங்குபவருக்கு ஒரு நாள் அலைச்சல் மிச்சமாகும்.