முளையும் கயிறும்

"இயேசப்பா, எங்க வீட்டுச் சுவர்க் கடிகாரத்துல பேட்டரி தீர்ந்து போகணும். அது ஓடவே கூடாது. ஆமென்."

ஓர் இரவு, குடும்ப ஜெபத்தில் என் ஏழு வயது மகள் கண்களை இறுக மூடிக்கொண்டு இப்படி வேண்டிக்கொண்டாள். இவர் சிரிப்பை அடக்க இருமினார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தக் கடிகாரத்தை வாங்கி மாட்டியவளே நான்தானே!

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். இவருக்கு ரயில்வேயில் ஷிப்டு வேலை. மூத்தவனுக்குச் சிறு வயது முதலே இழுப்பு. பள்ளிக்குப் போன நாட்களைவிடப் படுத்திருந்த நாட்களே அதிகம். நான் பி.எட். படித்தவள். இருவருமாக யோசித்து, ஜெபித்து, வீட்டிலேயே பாடம் நடத்துவது என்று முடிவு செய்தோம். தங்கையும் அண்ணனோடு சேர்ந்துகொண்டாள்.

ஆரம்பித்த அன்றே பெரிய அட்டையில் கால அட்டவணை எழுதி ஒட்டினேன். 6 மணிக்கு ஜெபம், 8.30க்குக் கணக்கு, 9.15க்குத் தமிழ், 10 மணிக்கு ஆங்கிலம்... மணி அடிக்க ஆள் இல்லாததுதான் குறை! காய்கறிக்காரர் குரல் கொடுத்தால்கூட எனக்குக் கோபம் வரும்.

இதில் ஒன்றை நான் கவனிக்கவே இல்லை. நைட் டியூட்டி முடிந்து இவர் 9 மணிக்கு வருவார். பிள்ளைகள் எழுந்து ஓடப் பார்ப்பார்கள். "உட்காருங்க, இன்னும் பத்து நிமிஷம் இருக்கு" என்பேன். பாடம் முடியும்போது இவர் தூங்கியிருப்பார். ஒரு வாரம் முழுக்க அப்பாவும் பிள்ளைகளும் பேசிக்கொண்டது அரை மணி நேரம் இருந்தால் அதிகம். பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டே அப்பாவை அவர்களுக்குத் தூரமாக்கியிருந்தேன். மகள் எதற்காகக் கடிகாரத்தைச் சபித்தாள் என்பது அன்றிரவுதான் புரிந்தது.

மறுநாளே அட்டவணையைக் கிழித்துப் போட்டேன். அதுவும் தப்பு! "இன்னைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்ப்போம்" என்றே இரண்டு மாதம் ஓடியது. மூத்தவன் 9 மணி வரை தூங்கினான். ஏழாம் வாய்ப்பாடு மறந்து போயிற்று. காலை ஜெபமும் எப்போது நின்றதென்று தெரியாமலே நின்றுவிட்டது. அதுதான் என்னை உலுக்கியது.

ஒரு நாள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஊரில் மாடு கன்றோடு வாழ்ந்தவர்கள்.

"ஏம்மா, மாட்டை மேய விடும்போது எப்படிக் கட்டுவோம்? முளையை ஆடாம அடிப்போம். கயித்தை நீளமா விடுவோம். கயிறு குட்டையா இருந்தா மாடு பட்டினி. முளை ஆடுச்சுன்னா ஊரான் வயல்ல போய் நிக்கும். நீ முதல்ல கயித்தைக் குட்டையாக் கட்டுன. இப்ப முளையையே பிடுங்கிட்ட."

நான் படித்த பி.எட். இதைச் சொல்லித் தரவில்லை.

சூசன்னா வெஸ்லி அம்மையாரின் கதை அப்போது நினைவுக்கு வந்தது. மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய். இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் குருவானவரின் மனைவி. 19 பிள்ளைகளைப் பெற்று, 10 பேரை ஆளாக்கியவர். காலை 9 முதல் 12, பிற்பகல் 2 முதல் 5 வரை வீட்டிலேயே பள்ளி. அவ்வளவு கண்டிப்பு! 1709இல் வீடு தீப்பற்றி எரிந்து, பிள்ளைகள் பல வீடுகளில் தங்க நேர்ந்தபோது ஒழுங்கெல்லாம் குலைந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

அதே அம்மையார்தான் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாலையை ஒதுக்கித் தனியாக உட்கார்ந்து பேசினார். ஜானுக்கு வியாழக்கிழமை. பெரியவரான பிறகும் அந்த வியாழக்கிழமைக்கு ஏங்கித் தாய்க்குக் கடிதம் எழுதினார் ஜான். முளையும் கயிறும் அந்த வீட்டிலும் இருந்திருக்கின்றன!

எங்கள் வீட்டு முளைகள்

இப்போது எங்களுக்கு மூன்றே முளைகள். காலை ஜெபம், பலகாரம் முடிந்ததும் இரண்டரை மணி நேரப் பாடம், இரவு ஜெபம். இவை ஆடாது. பாடத்திலும் கணக்கும் தமிழ் வாசிப்பும் தினமும் உண்டு. மற்றவை மாறி மாறி வரும். சின்னவளுக்கு ஒரு பாடம் 20 நிமிஷம், மூத்தவனுக்கு 40 நிமிஷம். அதற்கு மேல் இழுத்தால் உடம்புதான் அங்கே இருக்கும், மனசு இருக்காது.

கயிறு எங்கே நீளும்? இவர் டியூட்டி முடிந்து வரும் நாளில் முதல் அரை மணி நேரம் அப்பாவுக்கு. பாடம் அதற்குப் பிறகுதான். மூத்தவனுக்கு இழுப்பு வந்தால் எழுத்து வேலை கிடையாது. ஆச்சி வாசிப்பார்கள், அவன் கேட்பான். எனக்கே முடியாத நாளில் கணக்கும் ஜெபமும் போதும்.

கோயிலில் அசனம் வந்தால் பாடப் புத்தகத்தை மூடிவிடுவோம். சென்ற முறை, "ஆளுக்கு 150 கிராம் அரிசி, 400 பேர் சாப்பிட எத்தனை கிலோ?" என்று மூத்தவனிடம் கேட்டேன். 60 கிலோ என்று அரிசி மூட்டைக்குப் பக்கத்திலேயே நின்று சொன்னான். அந்தக் கணக்கு இனி மறக்காது.

"பரீட்சைக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்காத உறவினர் இல்லை. 1989இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. 14 வயது நிறைந்தவர்கள் அதில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. 5 ஆண்டுகளுக்குள், 9 வாய்ப்புகளில் முடிக்கலாம். அதுவரை பிள்ளைகளின் நோட்டுகளைத் தேதி போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நாளை யார் கேட்டாலும் காட்டலாம்.

எல்லா வீட்டுக்கும் இது ஒத்து வரும் என்று சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வீட்டிலும் முளையும் கயிறும் வேண்டும் அல்லவா, சகோதரிகளே? உங்கள் வீட்டில் ஆடக் கூடாதவை இரண்டு மூன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். மீதிக்குக் கயிறு விடுங்கள்.

போன மாதம் அந்தச் சுவர்க் கடிகாரம் நிஜமாகவே நின்றுவிட்டது. நான் கவனிக்கவில்லை. மகள்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அண்ணனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஏறினாள்.

"என்னடி பண்றே?"

"புது பேட்டரி போடுறேம்மா. அப்பா வர்ற நேரம் தெரிய வேண்டாமா?"