நிற்கும் மேசையும் நகரும் கால்களும்

காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) கலைந்ததும் தோட்டத்தில் இரண்டு விதமான வேலைநாள் தொடங்கிவிடுகிறது. இரக்குவானை, பலாங்கொடை, காவத்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இதைப் பார்க்கலாம். கொழுந்தெடுக்கும் பெண்கள் மலையேறிப் போகிறார்கள். நிறுவைக்கு இறங்கி வரும்வரை அவர்களுக்கு உட்கார இடமும் கிடையாது, நேரமும் கிடையாது. கிளாக்கர்மார் ஆபீசுக்குள் போய் செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டைத் திறக்கிறார்கள். பகல் சாப்பாட்டு நேரம் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க அவர்களுக்குப் பெரிய தேவை வருவதில்லை. ஒரே மலையில், ஒரே மழையில், ஒருவர் உடம்பு நாள் முழுக்க நிற்கிறது. இன்னொருவர் உடம்பு நாள் முழுக்க மடங்கிக் கிடக்கிறது.

இன்று அந்த நாற்காலிப் பக்கம்தான் ஆட்கள் கூடிவருகிறார்கள். கொழுந்தெடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இரத்தினபுரி நகரத்து வங்கிகளிலும் பிரதேச செயலகங்களிலும் கொழும்புக் கம்பனிகளிலும் கணினிக்கு முன்னால் அமர்ந்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக நின்றே உழைத்த குடும்பத்துக்கு உட்கார்ந்து செய்யும் உத்தியோகம் பெரிய விடிவு. அதே காலத்தில் மேற்கு நாடுகளின் அலுவலகங்கள், நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பதற்கென்றே விலை கூடிய மேசைகளை வாங்கிப் போடுகின்றன. அந்த மேசை உடம்புக்கும் வேலைக்கும் என்ன செய்கிறது என்பதை இந்தப் புதிய உத்தியோகத்தர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

நிற்கும் மேசை என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடியவை. மேசையின் ஒவ்வொரு காலும் ஒன்றுக்குள் ஒன்று செருகிய உலோகக் குழாய்களால் ஆனது. குழாய்க்குள்ளே நீண்ட திருகு ஒன்று இருக்கும். சிறிய மின்மோட்டார் அதைச் சுழற்றும்போது உட்குழாய் மேலெழும்பும். இரண்டு கால்களும் ஒரே வேகத்தில் உயராவிட்டால் பலகை ஒரு பக்கம் சரிந்துவிடும் என்பதால், இரு மோட்டார்களின் சுழற்சியையும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். மோட்டார் இல்லாத வகைகளும் உண்டு: கைப்பிடியைச் சுழற்றி உயர்த்துவது, அழுத்திய வாயு அடைத்த குழல் தாங்குவது, இருக்கிற மேசைமேல் தூக்கி வைக்கும் தட்டு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணி நேரம் வரை மின்வெட்டைக் கண்ட இலங்கையில், மின்சாரம் தேவைப்படாத இந்த வகைகளுக்கு மதிப்பு கூடத்தான் செய்யும்.

நின்று செய்யும் மூளை வேலை புதிதும் அல்ல. அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே நின்றபடியே தட்டச்சு செய்தவர். தேயிலையின் தரத்தைச் சுவைத்துச் சொல்பவர்கள் நீண்ட மேசையில் வரிசையாகக் கோப்பைகளை வைத்து, ஒன்றொன்றாக உறிஞ்சித் துப்பியபடி நடந்துகொண்டேதான் சபரகமுவ, ருகுண, ஊவாத் தேயிலைகளை மதிப்பிடுகிறார்கள். இரத்தினபுரி நகரில் மாணிக்க வியாபாரிகள் வீதியோரத்தில் நின்று, வெளிச்சத்தில் கல்லைப் பிடித்துப் பார்த்தே விலை பேசுகிறார்கள். நெடுநேரம் உட்கார்ந்திருப்பது தனியான ஓர் ஆபத்து என்ற எண்ணம்தான் புதியது.

அந்த எண்ணத்துக்கு வித்திட்டது பஸ். லண்டனில் ஜெரி மொரிஸ் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் சுமார் 31,000 போக்குவரத்து ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து, 1953இல் ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். இரட்டைத்தட்டு பஸ்ஸின் சாரதி வேலை நேரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உட்கார்ந்தே இருந்தார். அதே பஸ்ஸின் நடத்துநர் ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறினார். நடத்துநர்களுக்கு இருதய நோய் குறைவாக வந்தது. வந்தவர்களுக்கும் பிந்திய வயதில் வந்தது. அதனால் ஏற்பட்ட மரணமும் குறைவு. அன்று லண்டனில் ஓடிய இரட்டைத்தட்டு பஸ்கள் பல பின்னாளில் இலங்கைக்கு வந்து கொழும்பு வீதிகளில் ஓடின என்பதால், அந்தப் படிகளில் ஏறிய பழக்கம் இங்குள்ள மூத்தவர்களுக்கும் இருக்கும்.

மொரிஸ் அத்தோடு நிற்கவில்லை என்பதுதான் அவர்மீது மரியாதையைக் கூட்டுகிறது. பருமனானவர்களே சாரதி வேலைக்குப் போயிருந்தால் என்ன செய்வது என்று அவரே கேட்டார். 1956இல் ஊழியர்களின் சீருடைப் பதிவேடுகளை எடுத்து இடுப்பளவுகளைப் பார்த்தார். சாரதிகள் தொடக்கத்திலிருந்தே சற்றுப் பருமனாகத்தான் இருந்தார்கள். ஆனாலும் ஒரே இடுப்பளவு உள்ளவர்களை ஒப்பிட்டபோது நடத்துநரின் அனுகூலம் மறைந்துவிடவில்லை.

தோட்டத்து ஆபீசுக்கு இன்னும் நெருக்கமான சான்று அதே 1956இல் வங்காளத்திலிருந்து வந்தது. கல்கத்தாவுக்கு அருகே செங்கேல் என்ற இடத்துச் சணல் ஆலையில் ஜான் மேயரும் இரண்டு இந்திய ஆய்வாளர்களும் 213 பேரின் உணவையும் எடையையும் அளந்தார்கள். அந்த ஆலைக் குடியிருப்பில் கடை போட்டு உட்கார்ந்திருந்தவர்களும் இருந்தார்கள், எழுத்தர்களும் இருந்தார்கள், மூட்டை சுமந்தவர்களும் இருந்தார்கள். உழைப்புக் கூடக்கூடச் சாப்பாடு கூடும் என்பது ஓர் அளவுக்கு உண்மையாகவே இருந்தது. ஆனால் அசையாமல் உட்கார்ந்து வேலை செய்தவர்களிடம் அந்தக் கணக்குக் கெட்டுப்போயிருந்தது. கடும் உழைப்பாளிக்குச் சமமாக அவர்கள் சாப்பிட்டார்கள்; எடையோ அவர்களுக்கே கூட இருந்தது. உடம்பு ஓரளவாவது அசைந்தால்தான் பசி தன் அளவை அறிகிறது என்று மேயர் கருதினார்.

உட்கார்ந்திருக்கும் காலுக்குள் நடப்பது இதுதான். தொடையிலும் கெண்டைக்காலிலும் உள்ள பெரிய தசைகள் ஏறக்குறைய வேலையற்றுப்போகின்றன. இரத்தத்தில் மிதக்கும் கொழுப்பைப் பிரித்துத் தசைக்குள் எடுத்துக்கொள்ள உதவும் ஒரு நொதி அந்தத் தசைகளின் இரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் மார்க் ஹாமில்டன், எலிகளின் பின்னங்கால்களில் பாரம் விழாமல் செய்தபோது அந்த நொதியின் வேலை வெகுவாகக் குறைந்ததைக் கண்டார். கெண்டைக்கால் தசை சுருங்கி விரிவதால்தான் காலில் இறங்கிய இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. கால் அசையாவிட்டால் அதுவும் மந்தமாகிறது. பின்னேரம் பாதணி இறுகுவது இதனால்தான்.

எழுந்து நின்றால் எல்லாம் சரியாகிவிடுமா? மேசை விற்பவர்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. பல ஆய்வுகளைத் திரட்டி 2018இல் போட்ட கணக்கு ஒன்றின்படி, நிற்பவர் உட்கார்ந்திருப்பவரைவிட நிமிடத்துக்கு 0.15 கிலோகலோரிதான் கூடுதலாகச் செலவழிக்கிறார். 65 கிலோ எடையுள்ளவர் ஆறு மணி நேரம் நின்றால் 54 கிலோகலோரி. மூன்று தேக்கரண்டி சீனி போட்ட ஒரு பிளேன்டீ அதை ஏறக்குறைய ஈடுகட்டிவிடும்.

ஆனால் நாற்காலி நேரத்தைக் குறைக்க இந்த மேசை உதவுகிறது என்பது உறுதி. பிரித்தானியாவின் லெஸ்டர் நகரில் 146 மருத்துவமனை அலுவலக ஊழியர்களிடம் நடந்த பரிசோதனையின் முடிவு 2018இல் வந்தது. மேசையும் ஆலோசனையும் பெற்றவர்கள் ஓராண்டு முடிவில் மற்றவர்களைவிட நாளுக்கு 83 நிமிடம் குறைவாக உட்கார்ந்தார்கள். 2022இல் வெளியான, 756 உள்ளூராட்சி ஊழியர்கள் பங்குபற்றிய அடுத்த பரிசோதனை, மேசையின் பங்கையும் பேச்சின் பங்கையும் பிரித்தே காட்டியது: ஆலோசனை மட்டும் கிடைத்தவர்கள் 22 நிமிடம் குறைத்தார்கள், ஆலோசனையோடு மேசையும் கிடைத்தவர்கள் 64 நிமிடம்.

வேலைத்திறன் விடயத்தில் அதிகம் பேசப்படுவது டெக்சாஸ் ஆய்வு. தொலைபேசி வழி வாடிக்கையாளரோடு பேசும் நிலையமொன்றில் 167 பேரை ஆறு மாதம் கவனித்தார்கள். உயர்த்தும் மேசை கிடைத்தவர்கள், வெற்றிகரமாக முடித்த அழைப்புகளின் கணக்கில், மற்றவர்களைவிட ஏறத்தாழ 45 வீதம் முன்னே நின்றார்கள். 2016இல் வந்த இந்த எண்ணை விளம்பரங்கள் விடாமல் பிடித்துக்கொண்டன. அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. யாருக்கு எந்த மேசை என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானித்த பரிசோதனை அல்ல அது. முதல் மாதத்தில் வித்தியாசம் குறைவாக இருந்து பிறகுதான் விரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சீட்டுப் போட்டு நடத்திய லெஸ்டர் பரிசோதனையில் அப்படியொரு பாய்ச்சல் இல்லை. வேலையில் ஈடுபாடு கூடியது, களைப்புக் குறைந்தது, தங்கள் வேலை மேம்பட்டதாக ஊழியர்களே சொன்னார்கள். சுகவீன விடுமுறை மட்டும் குறையவில்லை. அவுஸ்திரேலியாவின் கேர்டின் பல்கலைக்கழகத்தில் 20 பேரை இரண்டு மணி நேரம் தொடர்ந்து நின்று கணினியில் வேலை செய்ய வைத்தபோது, உடல் வலி கூடியது, கவனத்தின் வேகம் தளர்ந்தது. எழுந்தும் உட்கார்ந்தும் மாறி மாறி வேலை செய்தால் சோர்வு தணியும், வேலை கெடாது. நம்பிச் சொல்லக்கூடியது அவ்வளவுதான். ஒரு மேசைக்கு அதுவே நல்ல பலன்.

நிற்பதைப் புகழ்பவர்கள் நின்றே பிழைப்பவர்களை ஒரு தடவை பார்க்க வேண்டும். கனடாவின் ஒன்ராறியோவில் 7,300க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், பெரும்பாலும் நின்றே வேலை செய்தவர்களுக்கு இருதய நோய் வரும் வாய்ப்பு, உட்கார்ந்து வேலை செய்தவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அசையாமல் நிற்கும் காலில் இரத்தம் தேங்குகிறது, நாளம் புடைக்கிறது. பிரித்தானியாவில் 83,000 பேரிடம் திரட்டிய தரவுகளைக் கொண்டு 2024இல் வந்த ஆய்வும், நிற்பதால் மட்டும் இருதயம் காக்கப்படவில்லை என்றே காட்டியது.

இதைச் சென்னை தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் துணிக்கடையில் நின்ற பெண்கள் எந்த ஆய்வும் இல்லாமலே அறிந்திருந்தார்கள். கேரளத்தில் கோழிக்கோட்டைச் சேர்ந்த பி. விஜியும் ‘பெண்கூட்டு’ அமைப்பினரும் கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2018இல் அந்த மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டெம்பரில் தமிழ்நாடும் தன் 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, எல்லா ஊழியருக்கும் இருக்கை தர வேண்டும் என்று கட்டளையிட்டது. கடைப் பெண் கேட்ட ஸ்டூலும் அலுவலகக்காரர் கேட்கும் உயரும் மேசையும் ஒரே கோரிக்கைதான்: வேலை நேரத்தில் தன் உடம்பை எப்படி வைத்துக்கொள்வது என்பதை ஓரளவாவது தானே தீர்மானிக்கும் உரிமை. மலையில் நிற்கும் கொழுந்துப் பெண்ணுக்கும் அந்த உரிமை உண்டு. வேலைக்கு இடையில் மழைக்கு ஒதுங்கி உட்கார ஒரு கொட்டில், அவளுக்கு எந்த மோட்டார் மேசையையும்விடப் பெரிய காரியம்.

உட்கார்ந்திருப்பவருக்கோ, நிற்பதைவிட நடப்பதுதான் கூடுதலாக உதவும். டொக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நோயின் விளிம்பில் இருந்த 531 பேர் பங்குபற்றினார்கள். நடையும் உணவு மாற்றமும் நோய்க்கு மாறும் வாய்ப்பை 28.5 வீதம் குறைத்தன. அதற்கு எடை குறையவேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. அவுஸ்திரேலியாவில் டேவிட் டன்ஸ்டன் குழு 2012இல் காட்டியது இதைவிட எளிது: இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் மெல்ல நடந்தவர்களுக்கு, உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை கால்வாசி அளவுக்குக் குறைந்தது. பகல் சோறு சாப்பிட்டுவிட்டு மாலை வரை கணினியைப் பார்க்கும் இரத்தினபுரி உத்தியோகத்தருக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

மேசை வாங்க முடியாத அலுவலகத்தில் சுவரோரம் உயரமான ஒரு பலகை போட்டுவிடலாம். கடிதம் பிரிப்பது, தொலைபேசியில் பேசுவது, பதிவேடு சரிபார்ப்பது எல்லாம் அங்கே நின்றபடி நடக்கும். உயரத்தில் மட்டும் கவனம் வேண்டும். நிற்பவரின் முழங்கை, அவரது உயரத்தில் ஏறத்தாழ 63 வீதத்தில் இருக்கும். 170 சென்டிமீற்றர் உயரமுள்ள ஆணுக்கு அது 107 சென்டிமீற்றர். 150 சென்டிமீற்றர் உயரமுள்ள பெண்ணுக்கு 94 அல்லது 95. ஒருவருக்குப் பொருந்தும் பலகையில் மற்றவர் வேலை செய்தால் தோள் வலி நிச்சயம். எனவே இரண்டு உயரத்தில் இரண்டு பலகை போடுவது நல்லது. கால் மாற்றி வைத்துக்கொள்ளக் கீழே ஒரு மரக்கட்டை, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வர அடியில் பழைய பதிவேடுகள் இரண்டு மூன்று. ஊர்த் தச்சர் ஒருவர் ஒரே நாளில் முடித்துக் கொடுத்துவிடுவார்.