டிப்பர் உருண்ட பின் கூலியாளின் பாத்தியதை

காஞ்சிபுரத்துக்கு வடக்கே செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஸ்ரீபெரும்புதூர் முதல் வாலாஜாபேட்டை வரை ஆறு வழிச்சாலையாக அகலப்படுத்துவது போன்ற பெரும் பணிகளில், தறியைக் கைவிட்டு வந்த உள்ளூர் இளைஞனும் ஒடிசாவிலிருந்து ரயிலேறி வந்த கூலியாளும் ஒரே மேஸ்திரியின் கீழ் வேலை செய்ய நேர்கிறது. அங்கே அபாயம் மிக மெதுவாகவே வருகிறது. மேம்பாலச் சரிவில் ஜல்லிப் பாரத்துடன் நிறுத்திய டிப்பருக்கு ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் ஓட்டுநர் இறங்கிவிட்டால், வண்டி அங்குலம் அங்குலமாகப் பின்வாங்குவதைக் குனிந்து ஜல்லி வாருகிறவன் அறிவதற்குள் விபரீதம் நிகழ்ந்துவிடுகிறது. சில வேளை அது திடீரென்றும் வரும்: 2025 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்து ஜால்னா மாவட்டத்தில், பாலப்பணிக் கூலியாட்கள் உறங்கிய கொட்டகையின் மேல் டிப்பர் மணலைக் கொட்டியதில் ஐவர் மாண்டனர். ரிவர்ஸ் அலாரமும் பின்விளக்கும் சரியான பிரேக்கும் இத்தகைய வண்டிகளுக்கு வேண்டுமென்று மத்திய அரசின் விதிகள் 1998-லேயே விதித்துவிட்டன. ஆனால் விதி ஏட்டில் இருந்து என்ன பிரயோஜனம்?

விபத்துக்குப் பின் நடப்பது அநேகமாக எங்கும் ஒன்றே. ஈமச்சடங்கு முடியுமுன் சில ஆயிரம் ரூபாயை விதவையின் கையில் திணித்து, "இனி யாதொரு பாத்தியதையும் இல்லை" என்றெழுதிய காகிதத்தில் கைரேகை வாங்கிவிடுகிறார்கள். அந்தக் காகிதம் செல்லாது. மரண நஷ்டஈட்டை அதற்கென நியமிக்கப்பட்ட அரசு அதிகாரியிடம் செலுத்த வேண்டுமென்பதே 1923-ஆம் வருஷத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமும், 2025 நவம்பர் 21 முதல் அதன் ஸ்தானத்துக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் வைத்திருக்கும் ஏற்பாடு; முன்பணமாகக் கொடுத்த சிறு தொகை தவிர, நேரில் கொடுத்தது கணக்கில் சேராது. "அவன் சப்-கான்டிராக்டரின் ஆள்" என்று பெரிய கான்டிராக்டர் கைகழுவவும் முடியாது. முதலில் அவரே கொடுத்துவிட்டு, பிறகு சப்-கான்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். கூலியாளின் சாதாரண அஜாக்கிரதையும் தகுந்த சமாதானம் ஆகாது.

காயம் எவ்வளவு என்பதை உடலை மட்டும் பார்த்துத் தீர்மானிக்க இயலாது. இடக்கையை இழந்த தச்சரின் வழக்கில், ஒரு கையால் தச்சுவேலை செய்ய இயலாதாகையால் அது முழு ஊனமே என்று 1975-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நஷ்டஈட்டுத் தொகை விபத்து நேர்ந்த நாளிலிருந்தே பாக்கி என்றும் சொன்னது. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டியும், தகுந்த காரணமில்லையேல் பாதி வரை அபராதமும் சேரும்.

ஆகவே ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல், காவல் நிலைய முதல் தகவல் அறிக்கை, கூலி வாங்கியதற்கான ஏதேனும் அத்தாட்சி, உடனிருந்தோர் பெயர்கள் ஆகியவற்றை முதல் வாரத்திலேயே சேகரித்து, இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். விபத்து நடந்த ஜில்லாவிலோ, குடும்பம் வசிக்கும் ஜில்லாவிலோ மனுக் கொடுக்கலாம்; ஒடிசாக்காரரின் மனைவி இதற்காகக் காஞ்சிபுரம் வரை அலைய வேண்டியதில்லை.