பதிமூன்று வயது வரை பட்டம் வேண்டாம்

நார்வேயில் பதினொரு வயதுக்கு முன் சிறுவர் போட்டிகளில் யார் முதலிடம், யார் கடைசி என்று பட்டியல் போடுவதில்லை. பதிமூன்று வயதாகும்வரை தேசிய சாம்பியன் பட்டமும் கிடையாது. அந்நாட்டு விளையாட்டுக் கூட்டமைப்பு 1987-இல் வகுத்த விதிகளில் தொடங்கிய ஏற்பாடு இது. 2007-இல் சிறுவர் உரிமைகளும் சேர்ந்தன. போட்டியே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் கோல் போடுகிறார்கள், ஜெயிக்கிறார்கள், தோற்று அழவும் செய்கிறார்கள். தோற்ற பிள்ளையை அந்த வயதிலேயே கழித்துக்கட்டுவதற்குத்தான் தடை.

இதை வெறும் இரக்கம் என்று ஒதுக்க முடியாது. ஜனவரி 1-ஐ வைத்து வயதுப் பிரிவு வகுத்தால், ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே அணிக்கு முட்டிமோத வேண்டும். ஒன்பது வயதில் அந்தப் பதினொரு மாத இடைவெளி உயரத்திலும் ஓட்டத்திலும் பளிச்சென்று தெரியும். பயிற்சியாளர் வளர்ந்த பிள்ளையை எடுப்பார். எடுத்த பிள்ளைக்குக் கூடுதல் பயிற்சி, கூடுதல் ஆட்டம். சில ஆண்டுகளில் அது உண்மையிலேயே முந்திவிடும், தேர்வும் சரியென்று ஆகிவிடும்! கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் தம் குழுவினருடன் 1985-இல் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த தேதிகளை ஆராய்ந்தார். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் இருந்தார்கள். திறமை என்று பொறுக்கியதில் காலண்டருக்கும் ஒரு பங்கு இருந்திருக்கிறது.

சிறுவயதிலேயே சலித்தெடுக்காவிட்டால் சாம்பியன் எங்கிருந்து வருவார் என்ற கேள்வி நியாயமானது. நார்வேயின் மக்கள்தொகை சுமார் 55 லட்சம். சென்னை மாநகராட்சியைவிடக் குறைவு. 2018, 2022 குளிர்கால ஒலிம்பிக் இரண்டிலும் பதக்கப் பட்டியலில் அதுதான் முதலிடம். பனி நாட்டுக்குப் பனிச்சறுக்கு கைவராதா என்பீர்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை உலக சாதனையுடன் வென்ற கார்ஸ்டன் வார்ஹோல்மும் நார்வேக்காரர்தான், கடற்கரை வாலிபால் தங்கமும் (பீச் வாலிபால்தான்!) அங்கேதான் போனது. விதிதான் பதக்கம் தந்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. விதி பதக்கத்துக்குக் குறுக்கே நிற்கவில்லை என்று மட்டும் துணிந்து சொல்லலாம்.

பணக்கார நாட்டுக்கு இதெல்லாம் எளிது என்ற வாதத்தில் பாதிதான் சரி. பட்டியல் போடாமலிருக்கக் காசு தேவையில்லை. சறுக்குக் கட்டைக்கும் கிளப் சந்தாவுக்கும் தேவை; நார்வேயிலும் சில குடும்பங்களுக்கு அது எட்டுவதில்லை. அதற்கு விதியில் மருந்தில்லை. அங்கே ‘புவா’ என்ற அமைப்பின் கிளைகளில், நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல, விளையாட்டுச் சாமான்களை இலவசமாக இரவல் வாங்கிப்போகிறார்கள்.